சுமந்தவர்களின் பெயரையும் எழுதுங்கள்: போர்ப் பதக்கங்களைக் காக்கும் அருங்காட்சியகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

போயர் போர்க் காலத்துப் பதக்கங்களைப் பாதுகாத்து வரும் அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

1899 டிசம்பர் 15 அன்று தென்னாப்பிரிக்காவில் கொலென்சோ என்ற சிற்றூருக்கு வெளியே நடந்த ஒரு சண்டைக்காக ஏழு பேருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. துணிச்சலுக்குப் பிரிட்டன் கொடுக்கும் மிக உயர்ந்த போர் விருது அது. அந்தச் சண்டையைப் பற்றியும், அதில் பெயர் விடுபட்டுப் போன ஆட்களைப் பற்றியும் உங்களுக்கு எழுதுகிறேன். நான் வேலூர்ப் பக்கத்துக்காரன். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷார் ஆண்ட நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் மிகப் பலர் எங்கள் பழைய வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து போனவர்கள். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

முதலில் அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கடிதத்தைத் தமிழில் படிக்கப் போகும் பலருக்குத் தெரியாது.

நேட்டாலில் உள்ள லேடிஸ்மித் நகரத்தைப் போயர்கள், அதாவது அங்கே குடியேறிய டச்சு வழி வெள்ளையர்கள், முற்றுகையிட்டிருந்தார்கள். அதை மீட்க ஜெனரல் ரெட்வர்ஸ் புல்லர் தன் படையோடு துகேலா ஆற்றை நோக்கி வந்தார். அக்கரையில் லூயி போத்தாவின் ஆட்கள் பதுங்குகுழிகளில் காத்திருந்தார்கள். கர்னல் லாங் என்பவர் 12 பீரங்கிகளை, காலாட்படைக்கும் முன்னால், ஆற்றுக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். எதிர்க்கரையிலிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டில் பீரங்கி வீரர்கள் செத்தும் காயப்பட்டும் விழ, மிஞ்சியவர்கள் பின்னால் இருந்த ஒரு பள்ளத்துக்குள் ஒதுங்கினார்கள். மழைநீர் அரித்து உண்டான வறண்ட ஓடை அது. அந்த ஊரில் அதை டோங்கா என்பார்கள். பீரங்கிகள் வெட்டவெளியில் ஆளில்லாமல் நின்றன.

யார் போய் அவற்றை இழுத்து வருவது என்று புல்லர் கேட்டபோது கேப்டன் காங்கிரீவ், கேப்டன் ஸ்கோஃபீல்ட், லெப்டினன்ட் ஃபிரெட்டி ராபர்ட்ஸ், கார்ப்பரல் நர்ஸ் ஆகியோர் முன்வந்தார்கள். பள்ளத்திலிருந்து பீரங்கிகள் வரைக்கும் ஏறத்தாழ 500 கஜம். குதிரைகளைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள். 2 பீரங்கிகளை மீட்டார்கள். ராபர்ட்ஸ் மூன்று இடங்களில் குண்டடி பட்டு விழுந்தார். காங்கிரீவுக்கும் காயம். அவர் ஒதுங்கிய இடத்திலிருந்து ராபர்ட்ஸ் விழுந்து கிடப்பதைப் பார்த்தார். மருத்துவ அதிகாரியான மேஜர் பாப்டியோடு சேர்ந்து மறுபடியும் அந்தச் சூட்டுக்குள் போய், ராபர்ட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

காங்கிரீவின் விருதுக் குறிப்பை நான் எத்தனை முறை படித்தாலும் ஒரு வரியில் நின்றுவிடுவேன். அவருடைய காலில் ஒரு குண்டு துளைத்தது, இன்னொன்று பூட்ஸின் முனையைத் துளைத்தது, முழங்கையிலும் தோளிலும் குண்டு உரசியது, அவருடைய குதிரைக்கு மூன்று இடத்தில் அடி என்று அதில் எழுதியிருக்கிறது. பூட்ஸ் முனை வரைக்கும் எண்ணி எழுதியிருக்கிறார்கள்! ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்காகத் தன் உடம்பை எப்படி நடுவில் வைத்தான் என்பதை இவ்வளவு அக்கறையாக எழுதி வைத்திருப்பதை நான் மதிக்கிறேன். காங்கிரீவின் துணிச்சல் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மேஜர் பாப்டி அன்று பள்ளத்தில் கிடந்த காயக்காரர்களிடம் ஒருவர் ஒருவராகப் போய்க் கட்டுப்போட்டார். தலையைத் தூக்கிய எவர் மீதும் குண்டு பாய்ந்துகொண்டிருந்த நேரம் அது. அவர்களுக்குக் கொடுத்த சிலுவைகள் நியாயமானவை.

என் கேள்வி அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. காங்கிரீவும் பாப்டியும் ராபர்ட்ஸைத் தூக்கியது சில நூறு கஜம். அங்கிருந்து யார் தூக்கினார்கள்? அன்றைக்குப் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் என்று ஏறத்தாழ 1,100 பேர். காயம்பட்ட நூற்றுக்கணக்கானவர்கள் அந்த டிசம்பர் வெயிலில் (அங்கே அது கோடைக்காலம்) மருத்துவக் கூடாரத்துக்கும், அங்கிருந்து சீவ்லி ரயில் நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்தது யாருடைய தோளில்?

வெள்ளைக்காரத் தன்னார்வலர்களின் ஸ்ட்ரெச்சர் படை ஒன்று இருந்தது. இன்னொன்று நேட்டால் இந்தியர் ஆம்புலன்ஸ் படை. அதில் சுமார் 1,100 பேர். மோகன்தாஸ் காந்தி என்ற முப்பது வயது வக்கீல் அதன் தலைவர்களில் ஒருவர். டர்பனில் மருத்துவப் பணி செய்துவந்த பாதிரியார் டாக்டர் பூத் அவர்களுக்குக் காயக்காரர்களைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார். ராபர்ட்ஸின் உடலைப் போர்க்களத்திலிருந்து சுமந்து வந்த பேறு எங்கள் படைக்குக் கிடைத்தது என்று காந்தி 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். ராபர்ட்ஸ் இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று இறந்தார். அவருடைய தந்தை ஃபீல்டு மார்ஷல் லார்டு ராபர்ட்ஸ். அவரும் விக்டோரியா சிலுவை பெற்றவர், கான்பூரில் பிறந்தவர். மகன் பிறந்தது அம்பாலாவில். இவ்வளவு விவரமும் நமக்குத் தெரிகிறது. அவரைச் சுமந்த கைகளில் ஒன்றுக்குக்கூடப் பெயர் தெரியவில்லை.

அந்த 1,100 பேர் யார் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுமார் 300 பேர் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர்கள், சிறு வியாபாரிகள், குமாஸ்தாக்கள், நேட்டாலிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவ இளைஞர்கள். மற்றவர்கள், அதாவது நான்கில் மூன்று பங்கு, ஒப்பந்தக் கூலிகள். தோட்ட முதலாளிகள் அனுப்பி வைத்தவர்கள். நேட்டாலுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16 அன்று போய்ச் சேர்ந்தது, சென்னையிலிருந்து. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் அப்படிப் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள், தமிழர்களும் தெலுங்கர்களும். அப்படியென்றால் கொலென்சோவில் ஸ்ட்ரெச்சர் பிடித்தவர்களில் கணிசமானோர் எங்கள் ஊர்க்காரர்கள்தான் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம். வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்த பிறகு, ஊருக்கும் திரும்பாமல் மறு ஒப்பந்தமும் எழுதாமல் சுதந்திரமாக அங்கேயே வாழ நினைத்தால், 1895-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், முதல் வருடச் சம்பளக் கணக்கில் ஆறு மாதக் கூலி. அவ்வளவு பணத்தைக் கட்ட முடியாமல் மறுபடி தோட்டத்துக்கே போக வேண்டும் என்பதுதான் அந்த வரியின் நோக்கம். 1914-இல்தான் அது ஒழிந்தது. இப்படிப்பட்ட சட்டத்தை வைத்திருந்த அரசாங்கத்தின் சிப்பாய்களைத்தான் அவர்கள் தோளில் சுமந்தார்கள்.

போர் தொடங்கிய உடனே இந்தியர்கள் உதவ முன்வந்தபோது நேட்டால் அரசு வேண்டாம் என்றது. ஆள் பற்றாக்குறை வந்த பிறகு கூப்பிட்டது. அப்போதும் ஒரு நிபந்தனை: இந்தியர்கள் துப்பாக்கிச் சூடு நடக்கும் எல்லைக்கு வெளியேதான் வேலை செய்ய வேண்டும். கொலென்சோவுக்குப் பிறகு, 1900 ஜனவரி 24 அன்று ஸ்பியன் கோப் மலையில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் படை மோசமாக அடிவாங்கித் திரும்பியபோது அந்த நிபந்தனை மாறியது. உள்ளே வர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, ஆனால் வந்து காயக்காரர்களைத் தூக்கிப் போனால் அரசு நன்றியோடு இருக்கும் என்று புல்லர் சொல்லி அனுப்பினார். அவர்கள் தயங்காமல் போனார்கள். அந்த நாட்களில் ஸ்ட்ரெச்சரோடு நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் நடந்ததாகக் காந்தி எழுதுகிறார். அவர்கள் சுமந்தவர்களில் ஜெனரல் உட்கேட்டும் ஒருவர்.

இப்படிச் சொல்லி அனுப்பிய புல்லர் தாமே விக்டோரியா சிலுவை பெற்றவர். எதற்காகத் தெரியுமா? 1879 மார்ச் 28 அன்று, ஜூலுப் போரில், ஹ்லோபானே மலையிலிருந்து பின்வாங்கும்போது குதிரை இழந்து நடந்து வந்த கேப்டன் டார்சியைத் தன் குதிரையில் ஏற்றிக் காப்பாற்றினார். பிறகு லெப்டினன்ட் எவரிட்டை. பிறகு குதிரை களைத்துப்போய் நின்றுவிட்ட ஒரு சாதாரணச் சிப்பாயை. துரத்தி வந்த ஜூலுக்கள் 80 கஜ தூரத்தில் இருந்தார்களாம். காயம்பட்டவனைச் சூட்டுக்குள் போய் மீட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தப் படையில் யாரைவிடவும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் தன் அறிக்கையில் இந்தியப் படையைப் பாராட்டி எழுதவும் செய்தார். பாராட்டு படைக்கு வந்தது. பதக்கம் தலைவர்களுக்கு வந்தது. கூலிக்காரர்களுக்கு, ஆறு வாரம் கழித்துப் படை கலைந்ததும், தோட்டத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லி உத்தரவு வந்தது.

ஒரு காட்சியை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சீவ்லிக்கு நடந்து போன நாள் கடும் புழுக்கம். எல்லோருக்கும் தொண்டை வறண்டிருந்தது. வழியில் ஒரு சின்ன ஓடை. யார் முதலில் குடிப்பது? வெள்ளைச் சிப்பாய்கள் குடித்து முடிக்கட்டும் என்று இந்தியர்கள் ஒதுங்கி நின்றார்கள். சிப்பாய்களோ, முடியாது, நீங்கள்தான் முதலில் குடிக்க வேண்டும் என்று நின்றார்கள். கொஞ்ச நேரம் இந்த அன்புப் போட்டி நடந்திருக்கிறது. காந்தியே எழுதியது இது. சாவைப் பக்கத்தில் பார்த்த சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்கு, ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன் யார் என்று தெரிந்திருந்தது. பதக்கப் பட்டியலை எழுதியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

இப்போது பதக்கங்களுக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்கப் போருக்காக விக்டோரியா மகாராணி பெயரில் கொடுத்த பதக்கம் வெள்ளியில் செய்தது. சிப்பாய் முதல் ஜெனரல் வரை எல்லோருக்கும் அதே வெள்ளி. ஆனால் இந்தியாவிலிருந்து படைகளோடு போன டோலி தூக்கிகள், பிஸ்திகள் (தண்ணீர் சுமப்பவர்கள்), சைஸ்கள் (குதிரைக்காரர்கள்), வண்டியோட்டிகள், சலவைக்காரர்கள் ஆகியோருக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் வார்த்துக் கொடுத்தார்கள். இது வெள்ளையருக்குள் நடக்கும் போர், எனவே இந்தியச் சிப்பாய்கள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்று முடிவெடுத்திருந்தார்கள். ஆயுதம் இல்லாமல் வந்து தண்ணீர் சுமக்கலாம், ஆள் சுமக்கலாம். பதக்கம் மட்டும் வேறு உலோகம்.

அந்த வெண்கலப் பதக்கங்களின் விளிம்பிலும் பெயர் இருக்கிறது. பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகப்பில் அரசியின் தலை, பின்புறம் சித்திரம், ஓரமாகத் திருப்பிப் பார்த்தால் சின்னச் சின்ன எழுத்துகளில் எண், வேலை, பெயர், பிரிவு. எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிற கிராமங்கள் உண்டு. அங்கே தாத்தாவின் மெடலை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுகிறவர்கள் முதலில் அந்த விளிம்பைத்தான் விரலால் தடவிக் காட்டுவார்கள். வெண்கலம் வாங்கிய டோலி தூக்கிக்கும் அந்த விளிம்பு உண்டு. அப்படியென்றால் பெயர்கள் தொலையவில்லை. அவற்றைப் பார்க்கும்படி வைக்கத்தான் ஆள் வேண்டும்.

விக்டோரியா சிலுவைக் கதை இன்னும் கசப்பானது. 1856-இல் தொடங்கிய அந்த விருது 1911 வரை இந்தியச் சிப்பாய்களுக்குக் கிடையாது. அவர்களுக்குத் தனியாக ஆர்டர் ஆஃப் மெரிட் என்று ஒன்று, கம்பெனி காலத்திலிருந்தே, 1837 முதல். இதனால் என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். 1897 ஆகஸ்ட் 17, இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் மேல் ஸ்வாத்தில் நவா கிலி என்ற இடம். குண்டடி பட்டு விழுந்த லெப்டினன்ட் கிரீவ்ஸை எதிரியின் வாள்வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கர்னல் ஆடம்ஸ், லெப்டினன்ட் மக்லீன், லார்டு ஃபின்காசில் ஆகிய மூவரும் அவரை மீட்கப் பாய்ந்தார்கள். மக்லீன் இதில் உயிரையே விட்டார். மூவருக்கும் விக்டோரியா சிலுவை. ஆடம்ஸின் விருதுக் குறிப்பைப் பாருங்கள். அதில் இவர்கள் பெயர்களோடு "கைட்ஸ் படையின் ஐந்து ஆட்கள்" என்றும் இருக்கிறது. கைட்ஸ் என்பது இந்தியச் சிப்பாய்கள் இருந்த படைப்பிரிவு. அவர்களும் அதே சூட்டுக்குள், அதே வாள்களுக்கு எதிரே போனவர்கள்தான். ஆடம்ஸின் குதிரையும் ஃபின்காசிலின் குதிரையும் சுடப்பட்டன என்று சொல்கிற அந்தக் குறிப்பு, மற்ற இரண்டு துருப்புக் குதிரைகள் சுடப்பட்டதையும் மறக்காமல் சொல்கிறது. அந்தக் குதிரைகள் மேல் இருந்தவர்களின் பெயரைச் சொல்லவில்லை.

ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் சிப்பாய்கள் இல்லையே, அவர்களுக்கு எப்படி விருது என்று யாராவது கேட்கலாம். 1857 ஜூலையில் ஆரா அருகே பின்வாங்கிய படையில் ராஸ் மாங்கிள்ஸ் என்பவர் இருந்தார். பாட்னாவில் உதவி மாஜிஸ்திரேட், சிவில் அதிகாரி. தன்னார்வலராகப் படையோடு போனவர், தானும் காயம்பட்டிருந்தவர், காயம்பட்ட ஒரு சிப்பாய்க்குக் கட்டுப்போட்டுப் பல மைல் சுமந்து படகில் சேர்த்தார். அவருக்கு விக்டோரியா சிலுவை கொடுக்க வேண்டும் என்பதற்காக விதியையே மாற்றினார்கள். ஆயுதம் ஏந்திய தன்னார்வலர்களான சிவிலியன்களையும் சேர்த்துக்கொள்ள 1858-இல் புதிய ஆணை வந்தது. இன்னொரு விதியும் இருந்தது: இறந்தவர்களுக்குச் சிலுவை கிடையாது. ஜூலுப் போரில் இசாண்டல்வானா என்ற இடத்தில் அடைந்த தோல்விக்குப் பிறகு 1879-இல் செத்த மெல்வில், காக்ஹில் என்ற இரண்டு அதிகாரிகளுக்கும் அந்தக் காரணத்தால் அப்போது கொடுக்கவில்லை. 28 வருடம் கழித்து 1907-இல் கொடுத்தார்கள். நவா கிலி மக்லீனுக்கும் அதே வருடம்தான் கிடைத்தது. மனம் இருந்தபோதெல்லாம் விதி வளைந்திருக்கிறது.

1911 டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் இந்தியர்களுக்கும் விக்டோரியா சிலுவை உண்டு என்று அறிவித்தார். அப்புறம் என்ன ஆனது? 1916 ஜனவரி 13 அன்று மெசபடோமியாவில் வாடி என்ற இடத்தில், 9-வது போபால் காலாட்படையின் சத்தா சிங் என்ற சாதாரணச் சிப்பாய், வெட்டவெளியில் விழுந்து கிடந்த தன் அதிகாரியிடம் ஓடினார். காயத்துக்குக் கட்டுப்போட்டார். கையில் இருந்த மண்வெட்டியால் அவருக்கு முன்னால் பள்ளம் தோண்டி மறைப்புக் கட்டினார். இருட்டும் வரை, ஐந்து மணி நேரம், தன் உடம்பையே மறைப்பாக வைத்து அவர் பக்கத்தில் கிடந்தார். பிறகு போய் ஆள் கூட்டி வந்து தூக்கிப் போனார். அவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் இதையே செய்திருந்தால் அவருக்கு அது எட்டியிருக்காது. மாறியது சட்டம்தான். இந்தியச் சிப்பாயின் நெஞ்சு 1911-இல் புதிதாக முளைத்ததில்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் அந்தப் போரைப் புகழவில்லை. ஆப்பிரிக்கர்களின் மண்ணில், அவர்களைக் கேட்காமல், தங்கத்துக்கும் ஆதிக்கத்துக்கும் இரண்டு வெள்ளைத் தரப்புகள் போட்ட சண்டை அது. பிரிட்டிஷ் முகாம்களில் சுமார் 28,000 போயர்கள் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கறுப்பின மக்களின் முகாம்களில் பதிவான சாவு மட்டும் 14,000-க்கு மேல். காந்தியே 1906-இல் ஜூலுக்கள் மீதான ஒடுக்குமுறையின்போது மறுபடி ஸ்ட்ரெச்சர் படையோடு போய், வெள்ளையர்கள் தொட மறுத்த ஜூலுக் காயக்காரர்களுக்குப் பணிவிடை செய்தார். அவர்களில் பலர் சவுக்கடியால் முதுகு கிழிந்தவர்கள். அது போரே இல்லை, மனித வேட்டை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போர் தவறாக இருக்கலாம். தரையில் கிடந்து தண்ணீர் கேட்கிறவனைத் தூக்குவது தவறில்லை. அதைச் செய்தவனின் பெயர் வேண்டும் என்பதைத்தான் கேட்கிறேன்.

புதிதாகப் பதக்கம் கொடுக்கச் சொல்லவும் இல்லை. 125 வருடம் கழித்து அது யார் சட்டையில் ஏறப் போகிறது? கொலென்சோவில் சிலுவை வாங்கிய ஏழு பேரில் ரேவன்ஹில் என்ற சாதாரணச் சிப்பாயும் ஒருவர். பின்னாளில் வறுமையில் கொஞ்சம் இரும்பு திருடி மாட்டிக்கொண்டார் என்பதற்காக 1908-இல் அவருடைய சிலுவையைப் பறித்துக்கொண்டார்கள். ஐந்தாம் ஜார்ஜுக்கு இந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. 1920 ஜூலை 26 அன்று அவருடைய செயலாளர் எழுதினார்: கொலைக் குற்றத்துக்காகத் தூக்குமேடை ஏறினாலும் அந்த மனிதன் விக்டோரியா சிலுவையை அணிந்தபடியே ஏற அனுமதிக்க வேண்டும் என்பது மன்னரின் எண்ணம். அதன் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 1 அன்று காந்தி தன் போயர் போர்ப் பதக்கம், ஜூலுப் போர்ப் பதக்கம், கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் மூன்றையும் வைஸ்ராய் செம்ஸ்போர்டுக்குத் திருப்பி அனுப்பினார். பதக்கம் வாங்கியவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையாவது இருந்தது. கூலிகளுக்குத் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை.

பதக்கம் முக்கியமில்லை. பெயர் முக்கியம். லேடிஸ்மித் முற்றுகையில் பிரபு சிங் என்ற ஒப்பந்தக் கூலி மரத்தின் மேல் உட்கார்ந்து, எதிரே மலையிலிருந்து போயர் பீரங்கி வெடிக்கும் ஒவ்வொரு முறையும் மணி அடித்து நகரத்தாரை எச்சரித்தார். அவருடைய பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. காரணம், யாரோ விசாரித்தார்கள், யாரோ எழுதினார்கள். வைஸ்ராய் கர்சன் அனுப்பிய காஷ்மீர் அங்கியை டர்பன் மேயர் பொதுக்கூட்டம் கூட்டி அவருக்கு அணிவித்தார். ஒருவருக்கு முடிந்தது.

சரி, என்ன செய்ய முடியும்? நிறைய முடியும். உங்கள் நாட்டு ஆவணக் காப்பகங்கள் எவ்வளவு கவனமானவை என்று தெரிந்துதான் கேட்கிறேன். தென்னாப்பிரிக்கப் போருக்கான பதக்கப் பதிவேடுகள் லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரைக்கும் எழுதிய கப்பல் பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில் இருக்கின்றன. கூலிகளின் நலனைப் பார்த்துக்கொள்ள நேட்டாலில் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகம் என்று ஒன்று செயல்பட்டது, அதன் கடிதப் போக்குவரத்தும் காப்பகத்தில் உண்டு. எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை ஆள் போனார்கள் என்பதை ஒரு முதலாளி கணக்கெழுதாமல் விட்டிருப்பாரா? போன நாளுக்குக் கூலி யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்திருக்குமே. அந்தக் கோப்புகளைக் கப்பல் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வேலைக்கு ஒரு ஆளை நியமியுங்கள்.

கைட்ஸ் படையின் ஐந்து பேரைக் கண்டுபிடிப்பது இதைவிடச் சுலபம். இந்தியச் சிப்பாய்க்கு ஆர்டர் ஆஃப் மெரிட் கொடுக்கும்போது இந்திய அரசிதழில் பெயர் வரும். அந்த வருடத்து இதழ்களைப் புரட்டி, படைப்பிரிவின் ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்தால் போதும். ஆடம்ஸின் பெயர் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் அந்த ஐந்து பெயரும் வரட்டும்.

காட்சிப் பெட்டிகளைப் பற்றியும் ஒரு விண்ணப்பம். கொலென்சோ சிலுவைகளின் பக்கத்தில் வெண்கலத்தில் வார்த்த தென்னாப்பிரிக்கப் பதக்கம் ஒன்றையும் வையுங்கள். விளிம்பு தெரியும்படி, நிமிர்த்தி வையுங்கள், கீழே கண்ணாடி பிடித்தாலும் நல்லது. வெள்ளி யாருக்கு, வெண்கலம் யாருக்கு என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். காங்கிரீவ், பாப்டி பற்றிய குறிப்பு முடிகிற இடத்தில், அங்கிருந்து காயக்காரர்களைச் சுமந்தவர்கள் யார், எவ்வளவு தூரம் நடந்தார்கள், எவ்வளவு கூலிக்கு ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், திரும்பிப் போனதும் எந்த வரி அவர்களுக்காகக் காத்திருந்தது என்பதையும் சேருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து படிக்கிற இடம் அது. ஒரு கேப்டனின் பூட்ஸ் முனையைப் பற்றிப் படிக்கிற பிள்ளை, செருப்பில்லாமல் நடந்தவர்களையும் பற்றிப் படிக்கட்டும்.

தேட ஆரம்பித்தால் பெயர்களைப் படிப்பதில் சிரமம் வரும். கப்பலில் எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனுசாமி மூன்சாமி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார், ஊர்ப்பெயர்கள் அடையாளமே தெரியாமல் போயின. இந்த வேலைக்குத் தமிழ் தெரிந்தவர்கள் வேண்டும், வேலூர், ஆரணி, திருவண்ணாமலை, செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமப் பெயர்கள் தெரிந்தவர்கள் வேண்டும். இங்கே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பழைய ராணுவத்தார், கல்வெட்டும் ஆவணமும் படிக்கிற இளைஞர்கள் என்று கேட்டால் வருவார்கள். பட்டியலின் பக்கங்களைப் பொதுவில் ஏற்றுங்கள், எந்த வரி புரியவில்லை என்று குறியுங்கள். கிராமத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் வேலை. தெலுங்கு, இந்தி, போஜ்புரி பேசுகிறவர்களையும் இப்படியே கேளுங்கள், அவர்களின் ஆட்களும் அந்த ஸ்ட்ரெச்சர்களின் மறுமுனையைப் பிடித்திருக்கிறார்கள்.

எத்தனை பெயர் கிடைத்தாலும் சரி, கிடைத்த வரைக்கும் எழுதி வையுங்கள். முதல் பட்டியல் வந்ததும் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
வேலூரிலிருந்து ஒரு வாசகன்